நாளிதழ் ஆசிரியர் பொது ஒலிபரப்பின் தலைமைப் பொறுப்புக்கு மாறுவது எப்படி: ஆவணங்கள், செலவு, கால அளவு

நாளிதழ்களில் நீண்ட காலம் பணியாற்றிவிட்டு, பிரசார் பாரதியிலோ அதன் கீழுள்ள ஆகாசவாணி, தூர்தர்ஷன் அமைப்புகளிலோ தலைமைப் பொறுப்புக்குச் செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கும் செய்தி ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த மாற்றத்துக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். பிரசார் பாரதியின் முதல் தலைவரான நிகில் சக்ரவர்த்தி மெயின்ஸ்ட்ரீம் வார இதழின் ஆசிரியர். 2010-இல் தலைவரான மிருணாள் பாண்டே இந்துஸ்தான் என்ற இந்தி நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். 2014 முதல் 2020 வரை அப்பொறுப்பில் இருந்த ஏ. சூர்யபிரகாஷும் பத்திரிகையாளரே. ஆயினும் எந்தச் சான்றை யாரிடம் எப்போது வாங்க வேண்டும், எந்த வரியில் கையெழுத்திடும் முன் நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பதை எனக்கு ஒரே இடத்தில் சொல்லித் தர யாரும் இல்லாததால், ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

என் கண் முன்னால் இந்த முயற்சியில் பின்தங்கியவர்களில் எழுத்துத் திறமை போதாமல் நின்றவர்கள் மிகச் சிலர். ஆவணம் இல்லாமல் நின்றவர்களே பலர். ஆகவே இக்கட்டுரையின் பெரும் பகுதி ஆவணங்களைப் பற்றியதாகவே இருக்கும்.

1. எந்தப் பதவிக்கு எந்த வழி என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

தலைமைப் பொறுப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று வெவ்வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொண்டால் காலம் வீணாகும்.

முதலாவது, பிரசார் பாரதி வாரியத்தின் தலைவர், பகுதிநேர உறுப்பினர் பதவிகள். 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டப்படி இவர்களைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். பரிந்துரைக்கும் குழுவில் மாநிலங்களவைத் தலைவர், இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் தலைவர், குடியரசுத் தலைவரின் பிரதிநிதி ஒருவர் என மூவர் இருப்பார்கள். பொதுவாழ்வில் சிறப்புற்றவராக இருக்க வேண்டும் என்பதே சட்டம் சொல்லும் தகுதி. தலைவரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு அல்லது எழுபது வயது, இரண்டில் எது முன்னதோ அது. தலைவர் பதவியும் சட்டப்படி பகுதிநேரப் பதவிதான். எனவே குடும்பத்தின் மாத வருமானத்தை இந்த வழியை நம்பித் திட்டமிடாதீர்கள்.

இரண்டாவது, நிர்வாக உறுப்பினர், அதாவது தலைமைச் செயல் அலுவலர் பதவி. இது முழுநேரப் பதவி. ஐந்து ஆண்டு அல்லது அறுபத்தைந்து வயது வரை. நிர்வாகம், மேலாண்மை, ஒலிபரப்பு, கல்வி, இலக்கியம், கலை போன்ற துறைகளோடு இதழியலையும் தகுதிக்குரிய துறையாகச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உங்கள் விண்ணப்பத்தின் முகப்புக் கடிதத்தில் மேற்கோள் காட்ட வேண்டிய வரி அது.

மூன்றாவது, ஒப்பந்த அடிப்படையிலான மூத்த பணிகள். ஆலோசனை ஆசிரியர், பணி ஒதுக்கீட்டு ஒருங்கிணைப்பாளர், முதுநிலைச் செய்தியாளர் போன்ற பெயர்களில் விளம்பரங்கள் வரும். நாளிதழிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு நடைமுறையில் திறந்திருப்பது இந்த வழிதான் என்பதால், இனி வரும் படிகளில் இதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செய்திப் பிரிவுகளின் தலைமையில், மாநிலச் செய்திப் பிரிவுகள் உட்பட, பெரும்பாலும் மத்திய அரசின் ஊடகப் பணிப் பிரிவான இந்தியத் தகவல் பணியின் அதிகாரிகளே இருக்கிறார்கள். அவர்களுடைய பணிநிலைக் கட்டுப்பாடு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் இருக்கிறது. மாநிலச் செய்திப் பிரிவின் தலைவர் இருக்கைக்கு வெளியிலிருந்து நேராகச் செல்ல முடியும் என்று எண்ணிக்கொண்டு வேலையை விடாதீர்கள்.

கால அளவைப் பொறுத்தவரை, மேல்மட்டப் பதவிகளுக்கு நாள்காட்டியே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூர்யபிரகாஷ் 2020 பிப்ரவரியில் விலகிய பின் தலைவர் பதவி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் காலியாக இருந்து, 2024 மார்ச்சில்தான் நிரப்பப்பட்டது. தலைமைச் செயல் அலுவலர் பதவி 2022 ஜூனில் காலியாகி அதே ஆண்டு நவம்பரில் நிரம்பியது. ஒப்பந்தப் பணிகளில் இவ்வளவு தாமதம் இராது என்றாலும், விண்ணப்பித்த நாளிலிருந்து பணி ஆணை வரும் நாள் வரை சில மாதங்கள் ஆகலாம் என்று கணக்கிட்டே வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள்.

2. பெயர், புனைபெயர், அனுபவச் சான்று: மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள்

தமிழ்ப் பத்திரிகையாளர்களுக்கே உரிய சிக்கல் இது. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் தந்தை பெயர் விரிவாக எழுதப்பட்ட இன்னொரு பெயர், பான் அட்டையில் முன்னெழுத்து பின்னால் போன மூன்றாவது பெயர், நாளிதழில் இருபது ஆண்டுகளாக அச்சாகிவரும் புனைபெயர் நான்காவதாக. வாசகருக்கு உங்களைத் தெரியும். சரிபார்க்கும் எழுத்தருக்கு இவர்கள் நால்வரும் நான்கு மனிதர்கள்.

ஆதாரையும் பான் அட்டையையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் பெயரோடு ஒத்துப்போகுமாறு முதலில் திருத்துங்கள், ஏனெனில் பிறந்த தேதிக்கும் பெயருக்கும் பெரும்பாலான அலுவலகங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழையே மூல ஆவணமாகக் கொள்கின்றன. திருத்த முடியாத வேறுபாடு இருந்தால், இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து வையுங்கள். பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு கட்டாயம் தேவைப்படும். அரசிதழ் வெளியாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

புனைபெயருக்கு வேறு வழி. உங்கள் நாளிதழின் முகப்புத் தாளில், இன்ன புனைபெயரில் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை வெளியான தலையங்கங்களும் கட்டுரைகளும் இவர் எழுதியவையே என்று, ஆசிரியரோ மனிதவளப் பிரிவோ கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாங்குங்கள். நீங்கள் பணியில் இருக்கும்போது பத்து நிமிடத்தில் கிடைக்கும் இக்கடிதம், விலகிய பிறகு பத்து முறை தொலைபேசியில் அழைத்தாலும் கிடைக்காமல் போகலாம்.

அனுபவச் சான்றிதழில் கவனிக்க வேண்டியவை இன்னும் அதிகம். நாளிதழ் நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் சான்றிதழ், "இவர் எங்கள் நிறுவனத்தில் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்" என்ற இரண்டே வரியோடு முடிந்துவிடும். தேர்வுக் குழுவுக்கு அது உதவாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, வகித்த ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனித் தேதி, கடைசியாகப் பெற்ற ஊதியம், உங்களுக்குக் கீழ் பணியாற்றியவர்களின் எண்ணிக்கை, பதிப்பின் செலவுத் திட்டத்தில் உங்களுக்கு இருந்த பொறுப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். தலைமைப் பணிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் எத்தனை பேரை நிர்வகித்தார் என்பதற்குச் சான்று காட்டாவிட்டால், அவருடைய விண்ணப்பம் நல்ல எழுத்தாளரின் விண்ணப்பமாக மட்டுமே எஞ்சும். தேவையான வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து மனிதவளப் பிரிவிடம் கொடுத்து, சரிபார்த்துக் கையெழுத்திடச் சொல்வதில் தவறில்லை. பெரும்பாலான இடங்களில் அவர்களும் அதையே விரும்புகிறார்கள்.

இன்னொரு பொறி, பதவிப் பெயர். நாளிதழில் எல்லோரும் உங்களைப் பொறுப்பாசிரியர் என்று அழைத்திருப்பார்கள். நியமன ஆணையில் முதுநிலை உதவி ஆசிரியர் என்றே இருக்கும், சில சமயம் ஒப்பந்தக் கட்டுரையாளர் என்றுகூட இருக்கும். விளம்பரம் கேட்கும் அனுபவத்தைக் கணக்கிடும்போது ஆணையில் உள்ள பெயரே செல்லும். வேறுபாடு இருந்தால், உண்மையில் செய்த பணியை விளக்கும் கடிதம் தனியாக வேண்டும்.

நீங்கள் முன்பு பணியாற்றிய இதழ் மூடப்பட்டுவிட்டதா? வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பாஸ்புக்கில் மாதவாரியாகப் பதிவான சந்தா, ஊதியத்தில் பிடித்த வருமான வரியைக் காட்டும் படிவம் 16 அல்லது 26ஏஎஸ், ஊதியம் வரவான வங்கிக் கணக்குப் பக்கங்கள், பெயரோடு வெளியான சில கட்டுரைகளின் நகல் ஆகிய நான்கையும் ஒன்றாக இணைத்துக் கொடுங்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் கேள்வி எழும். நான்கும் சேர்ந்திருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

3. உங்கள் மீதுள்ள வழக்குகளைப் பட்டியலிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். நாளிதழ் ஆசிரியருக்கும் மற்றத் துறைகளிலிருந்து வருபவருக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அச்சுக் குறிப்பில், செய்தித் தேர்வுக்குப் பொறுப்பு என்று பெயர் அச்சாகும் ஆசிரியர் மீது, அவர் எழுதாத, சில சமயம் பார்த்தே இராத செய்திக்காகவும் அவதூறு வழக்கு தொடுக்கப்படுகிறது. செய்தியாளர் முதல் எதிரி, ஆசிரியர் இரண்டாம் எதிரி, வெளியீட்டாளர் மூன்றாம் எதிரி என்று எங்கோ ஒரு மாவட்டக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நிறுவனத்தின் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வதால் ஆசிரியருக்கு அது நினைவில்கூட இராது.

அரசு சார்ந்த அமைப்பில் சேரும்போது நிரப்பும் நடத்தைச் சரிபார்ப்புப் படிவத்தில், உங்கள் மீது குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கேள்வி வரும். அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படியும், அதற்கு முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின்படியும் குற்றம். இது பத்திரிகை வழக்குதானே என்று எண்ணி "இல்லை" என்று எழுதிவிட்டால், வழக்கைவிடத் தகவலை மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும்; பணி ஆணை ரத்தாகவும் அது போதும். வழக்கு இருப்பதனாலேயே பதவி மறுக்கப்படும் என்று பொருள் இல்லை. பத்திரிகையாளர் மீது அவதூறு வழக்கு இருப்பதைத் தேர்வுக் குழுவினர் புரிந்துகொள்வார்கள்; மறைத்ததைப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இது. இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்து, உங்கள் பெயரையும் ஆண்டையும் கொடுத்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை, பொறுமைதான் வேண்டும். உங்கள் நாளிதழ் எந்தெந்த மாவட்டங்களுக்குச் செல்கிறதோ அத்தனை மாவட்டங்களிலும் தேடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றி இட்டும், நாளிதழின் பெயரை இட்டும் பாருங்கள். கிடைத்தவற்றை நீதிமன்றம், வழக்கு எண், ஆண்டு, உங்கள் எதிரி வரிசை, செய்தி வெளியான தேதி, வழக்கின் தற்போதைய நிலை, அடுத்த வாய்தா, வழக்கறிஞரின் பெயர் என்று ஒரே அட்டவணையாக்குங்கள். நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு பெற்றிருந்தால், அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி இணையுங்கள். வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு நிலுவையில் இருந்தால் அதன் எண்ணையும் சேருங்கள். இந்த அட்டவணையைப் படிவத்தோடு இணைத்து, படிவத்தில் "இணைப்பைக் காண்க" என்று எழுதிவிடலாம்.

அடுத்து, நீங்கள் விலகிய பின்னும் இவ்வழக்குகளை நாளிதழே தன் செலவில் நடத்தும் என்று நிர்வாகத்திடம் எழுத்துமூலமான உறுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்வார்கள், மனதார ஒப்புக்கொண்டேகூடச் சொல்வார்கள். ஆனால் நிர்வாகம் மாறலாம், வழக்கறிஞர் மாறலாம். இனி வரக்கூடிய வழக்குகளையும் அந்த உறுதியில் சேர்க்கச் சொல்லுங்கள். அவதூறுக் குற்றப் புகாருக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு, இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குக்கு ஓர் ஆண்டு. ஆகவே கடைசி நாளில் நீங்கள் வெளியிட்ட செய்திக்காக, புதிய பதவியில் மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதும் அழைப்பாணை வரலாம்.

4. எதையும் கேட்பதற்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள்

பிரசார் பாரதி இச்சட்டத்துக்கு உட்பட்ட அமைப்பு. மனுக் கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கான காலம் 30 நாள். பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. ஒப்பந்தப் பணிக்கான விளம்பரங்கள் பெரும்பாலும் 15 நாள் அவகாசமே தருகின்றன. விளம்பரம் வந்த பிறகு மனுப் போட்டால் பதில் வருவதற்குள் கடைசித் தேதி கடந்துவிடும். ஆகவே விளம்பரம் வரும் முன்பே மனுவை அனுப்பிவிடுங்கள்.

ஏன் என்று கேட்கும் கேள்விகளுக்குப் பதில் வராது. ஆவணத்தை மட்டும் கேளுங்கள். குறிப்பிட்ட நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை. கடந்த மூன்று நிதியாண்டுகளில் அந்நிலையத்தின் நிகழ்ச்சித் தயாரிப்புக்கு ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும். நிலையத் தலைவருக்கு வழங்கப்பட்டுள்ள நிதி அதிகாரத்தைக் குறிக்கும் ஆணையின் நகல். இதற்கு முன் அதே ஒப்பந்தப் பணியில் இருந்தவருடைய ஒப்பந்தத்தின் மாதிரி வாசகம். இந்த நான்கும் கையில் இருந்தால், நேர்காணலில் நீங்கள் பேசுவது பொதுவான ஆசையாக இராமல் அந்த நிலையத்துக்குரிய திட்டமாக இருக்கும்.

நிதி அதிகார ஆணையைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் கார்டியன் நாளிதழின் ஆசிரியராகப் பெயர் பெற்றிருந்த அலஸ்டேர் ஹெதரிங்டன் 1975-இல் பிபிசியின் ஸ்காட்லாந்துப் பிரிவுக்குத் தலைவராகச் சென்றார். நிதி முடிவுகள் லண்டன் தலைமையகத்தின் கையிலேயே இருந்ததால் அதனோடு தொடர்ந்து மோதி, சில ஆண்டுகளில் அப்பொறுப்பை இழந்தார். அவருடைய இதழியல் தகுதியை யாரும் ஐயப்படவில்லை. பதவியின் பெயர் பெரிதாகவும் காசோலையில் கையெழுத்திடும் உரிமை சிறிதாகவும் இருந்தால், எவ்வளவு சிறந்த ஆசிரியராலும் ஒரு புதிய நிகழ்ச்சியைக்கூடத் தொடங்க முடியாது.

5. விளம்பரம் வந்த பின்

விளம்பரங்கள் பிரசார் பாரதியின் வலைதளத்தில் காலிப்பணியிடப் பக்கத்தில் வெளியாகின்றன. நாளிதழ்களில் வரும் என்று காத்திருக்காமல் வாரம் இருமுறையாவது அந்தப் பக்கத்தைப் பாருங்கள். விண்ணப்பம் இணையவழியாகவே செல்ல வேண்டும். கோப்புகளின் அளவு வரம்பைப் பார்த்து, எல்லாச் சான்றிதழ்களையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றிலும் சுய சான்றொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் தளம் மெதுவாக இயங்கும்.

விளம்பரத்தில் மூன்று வரிகளை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஒப்பந்தக் காலம் எவ்வளவு, நீட்டிப்பு எதைப் பொறுத்தது என்பது முதலாவது. முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பது இரண்டாவது. பல ஒப்பந்தங்களில் ஒரு மாத முன்னறிவிப்போடு எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம் என்றிருக்கும். நிரந்தரப் பணிக்கு உரிமை கோர முடியாது என்ற வாசகம் மூன்றாவது. இருபது ஆண்டு நிலையான பணியிலிருந்து ஒரு மாத முன்னறிவிப்பில் முடியக்கூடிய பணிக்கு மாறுகிறோம் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்ட பிறகு விண்ணப்பியுங்கள்.

நேர்காணலுக்கோ எழுத்துத் தேர்வுக்கோ பெரும்பாலும் பயணப்படி கிடையாது. டெல்லிக்கு அழைத்தால் போக்குவரத்தும் தங்கும் செலவும் உங்களுடையவை.

6. நேர்காணலுக்குத் தயாராவது

பிரசார் பாரதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை மனத்தில் பதியுமாறு படியுங்கள். மக்களுக்கு உண்மையான, நடுநிலையான தகவலைச் சுதந்திரமாகப் பெறும் உரிமை உண்டு என்பதும், அதைக் காப்பது கழகத்தின், அதாவது பிரசார் பாரதியின், கடமை என்பதும் அதில் இருக்கின்றன. 23-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒரு விஷயத்தை ஒலிபரப்ப வேண்டாம் என்று மத்திய அரசு உத்தரவிடும் அதிகாரத்தைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தவரால்தான், சுதந்திரம் பற்றிய கேள்விக்கு முழக்கமிடாமலும் குழையாமலும் பதில் சொல்ல முடியும்.

பிரசார் பாரதியின் செயல்பாட்டை ஆராய்ந்து சாம் பிட்ரோடா குழு 2014-இல் அளித்த அறிக்கை, கழகத்தின் கடைசி இரண்டு ஆண்டறிக்கைகள் ஆகியவற்றைப் படித்துவிடுங்கள். மாதக் கட்டணமில்லாத செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் சேனல் இடங்கள் ஏலத்தில் விற்கப்படுவதால் வரும் வருமானம், பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஓடிடி தளம், உள்கட்டமைப்புக்காக 2539.61 கோடி ரூபாயில் ஒப்புதலான பிஐஎன்டி திட்டம் ஆகியவை பற்றி ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு நிலையத்துக்குச் செல்ல விரும்பினால், டிடி பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழாக மாறிய பின் வரும் நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்து, குறிப்பெடுத்து வாருங்கள். பார்க்காமல் குறை சொல்லும் விண்ணப்பதாரரைக் குழுவினர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீங்கள் எழுதிய தலையங்கங்கள் எடுத்துக் காட்டப்படலாம். அரசைக் கண்டித்து எழுதியதை மறுக்கவோ அதற்கு வருந்துவதாகக் காட்டவோ வேண்டாம். அது கருத்துப் பக்கத்தின் கடமை, பொது ஒலிபரப்பின் செய்தியறிக்கையில் நிலையத்தின் கருத்துக்கு இடமில்லை என்ற வேறுபாட்டை நீங்கள் அறிவீர்கள் என்பதைக் காட்டினால் போதும்.

7. விலகும்போது: தேதியும் பணமும்

பணி ஆணை கையில் வரும் முன் விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். மின்னஞ்சலில் வரும் "தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்" என்ற தகவல் பணி ஆணை ஆகாது.

இங்கே தேதிகள் முட்டிக்கொள்ளும். புதிய அமைப்பு சில வாரங்களுக்குள் சேரச் சொல்லும். நாளிதழ் ஆசிரியர்களுடைய ஒப்பந்தத்தில் மூன்று மாத முன்னறிவிப்பு சாதாரணம். பணி ஆணை வந்த அன்றே, சேரும் தேதியை நீட்டிக்கக் கோரி எழுத்துமூலம் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். நீட்டிப்புக் கிடைக்காவிட்டால், எஞ்சிய முன்னறிவிப்புக் காலத்துக்கு ஊதியத்தைத் திருப்பிக் கட்டி விலக முடியுமா என்று பாருங்கள். அது உங்கள் மாற்றத்தின் மிகப் பெரிய செலவாகலாம்.

வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல், வைப்பு நிதி உறுப்பினருக்குரிய ஒரே யுஏஎன் எண்ணின் கீழ் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக்குக் குறைவான தொடர் சேவையில் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு நிறைந்தால்தான் மாத ஓய்வூதிய உரிமை வரும். நாளிதழ் நிர்வாகம் விலகிய தேதியைப் பதிவேற்றாமல் விட்டுவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதத்துக்குப் பின் நீங்களே தளத்தில் அதைக் குறித்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் உங்கள் பணம் ஊதியமாகத் தரப்படுமா, தொழில்முறைக் கட்டணமாகத் தரப்படுமா என்று கேளுங்கள். கட்டணமாக இருந்தால் பத்து விழுக்காடு வரி பிடித்துத் தருவார்கள், வைப்பு நிதி இராது, மருத்துவக் காப்பீட்டை நீங்களே எடுக்க வேண்டும். நாளிதழின் குழுக் காப்பீடு கடைசி நாளோடு முடிந்துவிடும் என்பதால், வயதான பெற்றோர் உள்ளவர்கள் விலகுவதற்கு முன்பே தனிக் காப்பீட்டைத் தொடங்கிவிட வேண்டும்.

அச்சுக் குறிப்பிலிருந்து உங்கள் பெயர் நீங்கிய முதல் நாள் பிரதியை வாங்கி, தேதி தெரியுமாறு பத்திரப்படுத்துங்கள். நீங்கள் விலகிய பின்னும் பழைய பக்க வடிவமே தொடர்ந்து அச்சாகி, சில நாள் உங்கள் பெயரிலேயே இதழ் வெளிவருவது நடக்கக்கூடியது. இதழ்ப் பதிவுக்கான 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி உங்கள் இதழின் பதிவு விவரங்களில் ஆசிரியர் பெயர் மாற்றப்பட்டதற்கான நகலையும் வெளியீட்டாளரிடம் கேளுங்கள். அரசு அங்கீகார அட்டையைத் திரும்ப ஒப்படைத்து ரசீது பெறுங்கள். பத்திரிகையாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிற்காலத்தில் விண்ணப்பிக்க எண்ணினால், அட்டையின் பழைய ஆண்டு நகல்கள் அனைத்தையும் வைத்திருங்கள்.

வாரியப் பதவிக்குச் செல்பவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தலைவரோ முழுநேர உறுப்பினரோ பதவிக்காலத்தில் வெளியே ஊதியப் பணி ஏற்பது பதவி நீக்கத்துக்குரிய காரணம். மாதந்தோறும் பணம் பெறும் பத்தி எழுத்தைப் பற்றி அமைச்சகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கழகத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் பங்கோ ஆதாயமோ இருப்பது தவறான நடத்தையாகக் கொள்ளப்படும். நீங்கள் பங்கு வைத்திருக்கும் தயாரிப்பு நிறுவனம் தூர்தர்ஷனுக்குத் தொடர் வழங்குவதாக இருந்தால், பதவி ஏற்கும் முன்பே அதிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

8. சேர்ந்த பின் முதல் மாதம்

பொறுப்பேற்பு அறிக்கையில் கையெழுத்திட்ட அன்றே, உங்கள் நிதி அதிகாரத்தையும் நிர்வாக அதிகாரத்தையும் குறிக்கும் ஆணைகளின் நகலை எழுதிக் கேளுங்கள். கொள்முதல் பொது நிதி விதிகளின்படியும் அரசின் இணையவழிக் கொள்முதல் தளமான ஜெம் வழியாகவும் நடக்கும். நாளிதழில் மாலையில் சொல்லி மறுநாள் வாங்கிய ஒலிவாங்கிக்கு, இங்கே தேவைக் குறிப்பு, ஒப்புதல், தொழில்நுட்பச் சான்று என்று வாரங்கள் ஆகும். ஆகவே தேர்தல், பொங்கல், மழைக்காலம் போன்றவற்றுக்கான கருவிகளை மூன்று மாதம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

உங்களோடு பணியாற்றுபவர்கள் ஒரே வகையினர் அல்லர். 2007 அக்டோபர் 5-க்கு முன் சேர்ந்தவர்கள் அயற்பணி முறையில் மத்திய அரசு ஊழியர்களாகவே கருதப்படுகிறார்கள். கழகம் பின்னர் நேரடியாக எடுத்தவர்கள், இந்தியத் தகவல் பணியினர், ஒப்பந்தப் பணியாளர்கள், நாள் கணக்கில் அழைக்கப்படும் தற்காலிக அறிவிப்பாளர்களும் செய்தி வாசிப்பாளர்களும் என மற்றவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வகையினருக்கும் விடுப்பும் ஊதியமும் ஒழுங்கு விதிகளும் வேறு. ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இவ்வளவு வேறுபாடு இருப்பதன் வலியை, புதிதாக வந்த தலைமை முதல் வாரத்திலேயே உணர்ந்துகொள்ள வேண்டும். தற்காலிக வாசிப்பாளர்களின் பணம் எத்தனை மாதமாக நிலுவையில் இருக்கிறது என்பதை நான் எந்தப் புதிய நிகழ்ச்சித் திட்டத்துக்கும் முன்னால் கேட்பேன்.

ஆகாசவாணி ஒலிபரப்பு நெறிமுறையை அச்சிட்டு மேசையில் வையுங்கள். நட்பு நாடுகளை விமர்சித்தல், சமயங்களையும் சமூகங்களையும் தாக்குதல், நீதிமன்ற அவமதிப்பு, அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குதல் போன்றவற்றுக்கு அதில் தடை உண்டு. நாளிதழில் இயல்பாக இடம்பெறும் ஒரு தலைவரின் மேடைப் பேச்சை அப்படியே செய்தியறிக்கையில் வைக்க முடியாது. பத்து நிமிடச் செய்தியறிக்கை முழுவதும் நாளிதழின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் என்பதால், எதை விடுவது என்ற முடிவே இங்கே ஆசிரியப் பணியாகிறது.

தேர்தல் காலத்துக்கென்று தனிக் குறிப்பேடு தொடங்குங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் பரப்புரை சார்ந்தவற்றைத் தொலைக்காட்சியில் காட்ட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு தடை செய்கிறது. அச்சு இதழுக்கு அந்தப் பிரிவின் தடை இல்லாததால், வாக்குப்பதிவு நாள் காலை வரை தலைவர்களின் பேச்சை வெளியிட்டுப் பழகிய கைகள் இங்கேயும் அதையே செய்ய முனையும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு ஒதுக்கிய ஒலிபரப்பு நேரத்துக்கான அட்டவணை, பேச்சுப் பிரதிகள், பதிவு நேரம், ஒலிபரப்பான நேரம் ஆகியவற்றைப் பொறுப்பாளரின் கையெழுத்தோடு அந்தக் குறிப்பேட்டில் அன்றன்றே பதிவு செய்யுங்கள். தேர்தல் அலுவலரிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்போது பதில் எழுத உங்களுக்கு ஒரு நாளுக்கு மேல் அவகாசம் கிடைப்பது அரிது.